சீவெலா, ஸ்லேட்டரா?

2021 என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) டிராஃப்டில், அதாவது அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், டேக்கிள் (பந்து எறிபவரைக் காக்கும் தடுப்பு வரிசையின் ஓரத்து வீரர்) தேடிய அணிகளுக்கு இதுதான் தலைவலி. இருவருமே 2020 சீசனில் ஆடவில்லை, அதனால் பழைய வீடியோதான் கதி.

ஓரிகான் பல்கலைக்கழகத்தின் பெனை சீவெல் சுமார் 150 கிலோ, அப்போது வயது இருபதுதான், 2019-இல் சிறந்த கல்லூரி உள்வரிசை வீரருக்கான அவுட்லேண்ட் கோப்பை வேறு வாங்கியவர். பந்தை ஏந்தி ஓடும் ஓட்ட ஆட்டத்தில் எதிராளியை அப்படியே தள்ளிக்கொண்டு போவார், ஆனால் பந்து எறிபவரைக் காக்கும் பாஸ் தடுப்பில் சில சமயம் அவசரப்பட்டு உடம்பை முன்னால் சாய்த்துவிடுவார்.

நார்த்வெஸ்டர்னின் ரஷான் ஸ்லேட்டர் கிட்டத்தட்ட 12 கிலோ குறைவு. கை 33 அங்குலம்தான், டேக்கிளுக்கு அது குட்டை, கார்டாக (வரிசையின் உள்பக்கத் தடுப்பாளராக) மாற்றிவிடலாம் என்று சிலர் பேசினார்கள். அட, பந்து எறிபவரைப் பாய்ந்து பிடிக்கும் ஒஹாயோ ஸ்டேட்டின் சேஸ் யங்கை எதிர்த்து அவர் ஆடியதைப் பாருங்கள், கால் வேலை அவ்வளவு சுத்தம்!

உடனே இடது டேக்கிள் வேண்டுமென்றால் நான் ஸ்லேட்டரைத்தான் எடுப்பேன். பத்து வருஷக் கணக்கு என்றால், சரி, சீவெல்தான். டெட்ராய்ட் அணி 7-ஆவதாக அவரை எடுத்து வலது பக்கம் நிறுத்தியது, லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் அணிக்கு 13-ஆவதாக ஸ்லேட்டர் கிடைத்தார்.