மலை ஏற எந்த ஜக்கெட்? சொஃப்ட் ஷெல்லும் மற்ற மூன்றும்

கொழும்பில் நின்றுகொண்டு குளிர் ஜக்கெட் வாங்குவது கஷ்டமான வேலை. வெள்ளவத்தையில் 30 பாகை வெக்கையில் வேர்த்து ஒழுகும்போது எதைப் போட்டாலும் சூடாகத்தான் இருக்கும், கடைக்காரரும் எதைக் காட்டினாலும் "நுவரெலியாவுக்கு நல்லாத் தாங்கும் தம்பி" என்றுதான் சொல்வார். மலையில்தான் உண்மை தெரியும். போன மாசியில் நாங்கள் நாலு பேர் சிவனொளிபாத மலைக்குப் போனோம், நாலு பேரிடமும் நாலு வகை. என்னிடம் சொஃப்ட் ஷெல், அதாவது இழுபடுகிற துணியில் தைத்த, காற்றைத் தடுக்கிற ஜக்கெட். நண்பனிடம் சாதாரண ஃபிளீஸ், கம்பளி மாதிரி மெத்தென்ற செயற்கைத் துணி. அவனுடைய தம்பியிடம் ஹார்ட் ஷெல் என்கிற முழு மழை ஜக்கெட். என் மச்சானிடம் கனடாவிலிருந்து மாமா அனுப்பிய, இறகு அடைத்த தடித்த ஜக்கெட். ஒரே இரவு, ஒரே படிக்கட்டு என்பதால் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தது.

குளிர் எவ்வளவு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உச்சி 2,243 மீற்றர். ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் வெப்பம் ஏறக்குறைய 6.5 பாகை குறையும், ஆகவே கொழும்பில் இரவு 25 பாகை என்றால் மேலே 10 பாகை அளவுதான். கேட்க அது பெரிய குளிராகத் தெரியாது. ஆனால் அடிவார ஊரான நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள், மூன்று நாலு மணித்தியாலம் ஏறுகிறோம், உடம்பு அடுப்பு மாதிரிக் கொதிக்கிறது, பிறகு உச்சியில் சூரியன் வரும்வரை காற்றில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம். அப்போது முதுகில் ஒட்டிக்கிடக்கிற நனைந்த ரீ-சேர்ட்தான் ஆளை நடுங்க வைக்கும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். அதனால் எது கூடச் சூடு தரும் என்று பார்ப்பதைவிட, ஏறும்போது எது வேர்வையை வெளியே விடும் என்றுதான் நான் பார்ப்பேன்.

இறகு ஜக்கெட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கால் மணித்தியாலத்தில் மச்சான் அதைக் கழற்றிவிட்டான், அவன் பையில் பாதியை அதுவே பிடித்துக்கொண்டது. உச்சியில் மட்டும் அவன்தான் ராசா. நனைந்தால் இறகு கட்டிபட்டுச் சூடே இருக்காது என்பதையும் மறக்கக்கூடாது. ரொறொன்ரோவில் தெருவில் நின்று பஸ் பார்க்கிறவருக்கு அது உயிர் காக்கும் உடுப்பு, அங்கே சொஃப்ட் ஷெல்லை மட்டும் போட்டுக்கொண்டு தை மாதத்தில் வெளியே போகவே முடியாது. படி ஏறுவது வேறு வேலை.

ஹார்ட் ஷெல்லில்தான் எல்லாரும் காசைக் கொட்டுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். இதன் துணிக்குள் ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும், கோர்-டெக்ஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்த மாதிரி. லேபலில் 10,000 மி.மீ. என்று போட்டிருந்தால் சோதனையில் 10 மீற்றர் உயரத் தண்ணீர்க் கம்பத்தின் அழுத்தம் வரும்வரை துணி தாங்கியது என்று அர்த்தம். தையல்களின் மேல் உள்பக்கமாக நாடா ஒட்டி ஊசித் துளையையும் அடைத்திருப்பார்கள். மழைக்கும் காற்றுக்கும் இதற்கு நிகர் கிடையாது. ஆனால் இரண்டாவது தேத்தண்ணிக்கடையில் நாங்கள் நின்றபோது தம்பி கையை உதறிக்கொண்டு, "அண்ணா, இது ஒழுகுது" என்றான். அன்று இரவு ஒரு சொட்டு மழை கிடையாது. ஸிப்பைத் திறந்து பார்த்தால் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர், எல்லாம் அவனுடைய வேர்வைதான். சவ்வு நீராவியை வெளியே விடும் என்பது உண்மை, ஆனால் உள்ளேயும் வெளியேயும் ஈரப்பதனில் நல்ல வித்தியாசம் இருந்தால்தான் அது வேகமாக வெளியேறும். நம் மலைகளில் மூடுபனி இறங்கிவிட்டால் வெளியேயும் ஈரம், உள்ளேயும் ஈரம். இந்த வகை வாங்கினால் கமக்கட்டுக்குக் கீழே திறக்கிற ஸிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், அவன் வாங்கியதில் அது இல்லை.

ஃபிளீஸ் இதற்கு நேர் எதிர். பாரமில்லை, வேர்வை தடையில்லாமல் வெளியே போகும், நனைந்தாலும் பிழிந்து உதறினால் சீக்கிரம் காயும், விலையும் குறைவு. நண்பன் அடிவாரத்திலிருந்து கடைசி வளைவு வரைக்கும் சுகமாகத்தான் ஏறினான். அந்தச் செங்குத்தான கடைசிப் பகுதியில், இரும்புக் கைபிடியைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிற இடத்தில், பக்கவாட்டிலிருந்து காற்று அடித்ததும் ஃபிளீஸ் சல்லடை ஆகிவிட்டது. அவன் எனக்குப் பின்னால் ஒதுங்கி ஒதுங்கித்தான் ஏறினான். காற்றை யாரும் குறைத்து நினைக்கவேண்டாம். 5 பாகைக் குளிரில் மணிக்கு 30 கி.மீ. காற்று அடித்தால் திறந்த தோலுக்கு அது 0 பாகை மாதிரி இருக்கும். தை, மாசியில் விடிய ஆறு மணிக்கு ஹோர்ட்டன் சமவெளி வாசலில் நின்றவர்களுக்கு, புல்லில் வெள்ளையாக உறைபனி கிடக்கிற காலையில், இது என்ன என்று விளங்கும்.

சரி, சொஃப்ட் ஷெல். இது இழுபடுகிற, நெருக்கமாக நெய்த துணி, வெளியே தண்ணீர் ஒட்டாத ஒரு பூச்சு. இதில் இரண்டு சாதி இருக்கிறது, கடையில் யாரும் பிரித்துச் சொல்லமாட்டார்கள். ஒன்றில் உள்ளே சவ்வு இருக்கும், காற்றை முழுதாக மறிக்கும், கிட்டத்தட்ட ஹார்ட் ஷெல் மாதிரியே வேர்க்கவும் வைக்கும். மற்றதில் சவ்வு கிடையாது, காற்றைப் பெரும்பாலும் தடுத்து, கொஞ்சத்தை உள்ளே விடும். கண்டுபிடிப்பது சுலபம், துணியை உதட்டோடு ஒட்டிப் பிடித்து ஊதுங்கள், மறுபக்கம் கையில் மூச்சுப் பட்டால் சவ்வு இல்லை. ஏறுகிறவர்களுக்கு நான் சவ்வு இல்லாததைத்தான் சொல்வேன். அன்று நான் போட்டிருந்ததும் அதுதான், அடிவாரத்தில் போட்டது உச்சிவரை கழற்றவேயில்லை, ஸிப்பை மட்டும் ஏற்றி இறக்கினேன். மூடுபனியில் கையில் பொடிப் பொடியாகத் துளி நின்றது, தட்டிவிட்டதும் உதிர்ந்தது, உள்ளே ரீ-சேர்ட் கழுத்தடியில் மட்டும்தான் ஈரம். உச்சியில் அது தனியாகப் போதவில்லை. நடை நின்ற பத்து நிமிடத்திலேயே குளிர் பிடித்துவிட்டது, பையிலிருந்து மெல்லிய ஃபிளீஸ் ஒன்றை எடுத்து உள்ளே போட்ட பிறகுதான் சரிவந்தது.

இனி மழை. இங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்திருக்கிறேன். என் முதல் சொஃப்ட் ஷெல்லைப் புறக்கோட்டையில் ஒரு கடையில் வாங்கினேன், "தண்ணியே போகாது" என்று அடித்துச் சொல்லித்தான் தந்தார்கள். அதை நம்பி மழைக்கோட் இல்லாமல் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனேன். பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி தாண்டியதும் தூறல். முதல் கால் மணித்தியாலம் துளிகள் உருண்டு ஓடின, பிறகு பை வார் அழுத்துகிற தோள்மூட்டில் துணி கறுத்தது, பிறகு தையல் வழியாக, அரை மணித்தியாலத்தில் தோளும் கையும் தொப்பல். காரணம் எளிது, அனேகமான சொஃப்ட் ஷெல்லில் தையலுக்கு நாடா ஒட்டுவதில்லை, வார் உரசுகிற இடத்தில்தான் பூச்சும் முதலில் தேயும். ஒருமுறை ஊறிவிட்டால் ஃபிளீஸைவிடப் பாரம், காயவும் நேரம் எடுக்கும். அன்று வாசலுக்குத் திரும்பிவரும்வரை பல் கிட்டிக்கொண்டே வந்தேன். குளிரில் நனைந்துபோய் நடப்பது ஆபத்தான விஷயம், ஜக்கெட் விற்கிறவர்கள் இப்படிப் பொய் சொல்லக்கூடாது.

எதை வாங்குவது? வருடத்தில் ஒருமுறை, யாத்திரைப் பருவகாலத்தில் மட்டும் மலைக்குப் போகிறவர் ஃபிளீஸ் ஒன்றும் மடித்துப் பையில் வைக்கிற மெல்லிய மழை ஜக்கெட் ஒன்றும் வாங்கினால் போதும். காற்றடித்தால் மழை ஜக்கெட்டை ஃபிளீஸுக்கு மேலே போட்டுக்கொள்ளலாம், சொஃப்ட் ஷெல் செய்கிற வேலையில் முக்கால்வாசி நடந்துவிடும். மாதம் ஒருமுறையாவது நக்கிள்ஸ், கிரிகல்பொத்த என்று ஏறுகிறவருக்குச் சொஃப்ட் ஷெல் கட்டாயம் வேண்டும் என்பேன், ஏனென்றால் நடக்கிற நேரம் முழுக்க உடம்பில் கிடக்கிற உடுப்பு அது ஒன்றுதான், மற்ற இரண்டும் போட்டுப் போட்டுக் கழற்றுகிறவை. முட்செடி இலேசில் கிழிக்காது, கையைத் தூக்கினால் இடுப்பு தெரியாது. மழைக்கோட் அப்போதும் பையில் இருக்கவேண்டும். காசு எவ்வளவு இருந்தாலும் ஹார்ட் ஷெல்லை முதல் ஜக்கெட்டாக வாங்கவேண்டாம் என்பது என் கருத்து.

ஏற்றுமதியில் மிஞ்சிய சாமான் விற்கிற கடைகளில் நல்ல சொஃப்ட் ஷெல் மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஊதிப் பார்ப்பதோடு உள்பக்கத்தையும் வடிவாகத் தடவிப் பாருங்கள். பொலியூரித்தேன் சவ்வும் பூச்சும் சூட்டிலும் ஈரத்திலும் தானாகவே சிதைந்துபோகும், கொழும்புக் காற்றில் இரண்டும் தாராளம். பிசுபிசுத்தாலோ பொடியாக உதிர்ந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் பிளாஸ்டிக் பல் ஸிப் உள்ளதாகப் பாருங்கள், என் பழையதில் உலோக ஸிப் உப்புக் காற்றில் பூத்து இறுகிவிட்டது. துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் மட்டும் வேண்டாம், அது துணியில் படிந்து தண்ணீரை ஒட்டவைத்துவிடும். கொஞ்சம் சோப்பு, இரண்டு தடவை அலசல், நிழலில் காயவைத்து, லேபலில் தடை இல்லை என்றால் மேலே ஒரு துவாயைப் போட்டுக் குறைந்த சூட்டில் அயன் பண்ணுங்கள். சூடு பட்டால் பூச்சு திரும்ப எழும்பும். பிறகு தோள்மூட்டில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உருண்டு ஓடினால் அடுத்த பயணத்துக்கு ஜக்கெட் தயார்.