கைக்காசுக்கு நல்ல கடை: திருகோணமலையில் ஒரு பல்பொருள் அங்காடி

திருகோணமலை நகரின் வடக்குப் பக்கத்தில், கடற்றொழிலாளரும் நாட்கூலிக்குப் போவோரும் நெருங்கிக் குடியிருக்கும் பகுதி ஒன்றின் முகப்பில், நாடெங்கும் கிளைகளைக் கொண்ட நிறுவனம் ஒன்று தனது பல்பொருள் அங்காடியைத் திறந்து ஓராண்டு கடந்துவிட்டது. திறப்பு விழாவின் வாழைமரங்களும் அறிமுகச் சலுகைகளும் போய், கடை தன் இயல்பான நடைக்கு வந்துவிட்டதால், இப்போது அதை நிதானமாக மதிப்பிடலாம் என்று நினைக்கிறேன். கடையின் பெயரை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. அங்கே வேலை செய்யும் பிள்ளைகளில் பலர் அயலவர்கள். நான் சொல்லும் குறைகளுக்கு அவர்கள் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை வரக்கூடாது. எந்தக் கடை என்பது ஊராருக்குத் தெரியும்.

இத்தகைய கடைகள் இதுவரை நகர மையத்தையும், மாகாண சபை அலுவலகங்களையும், உவர்மலைப் பக்கத்து உத்தியோகத்தர் குடும்பங்களையும் நம்பியே திருகோணமலைக்கு வந்தன. 2009 வரை நீடித்த போர், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2022 பொருளாதார நெருக்கடி என்று அடுத்தடுத்து அடி வாங்கிய ஒரு குடியிருப்பைத் தேடி ஒரு பெரிய நிறுவனம் முதலிட வந்தது அப்பகுதி மக்களுக்கு ஒருவகைக் கௌரவமாகவே பட்டது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டிருந்தது. ஒரு கிலோ பருப்பு வாங்கிய வீடுகள் நூறு கிராமுக்கு இறங்கிய காலம் அது. அந்தப் பழக்கம் இன்னும் முழுமையாக மாறவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டே இந்தக் கடையைப் பார்க்க வேண்டும்.

முதலில் நல்லவற்றைச் சொல்லிவிடுகிறேன். கடை சுத்தமாக இருக்கிறது. வெளிச்சம் போதுமானது. இரவு எட்டு மணிக்குப் பின்னும் அந்த வீதியில் பெண்கள் தனியாக நடந்து போவதற்கு அந்த வாசல் விளக்குகளும் ஒரு காரணம். காலாவதியான பொருள் எதையும் நான் தட்டுகளில் கண்டதில்லை. அயலிலுள்ள சிறு கடைகளில் பிஸ்கட் பைக்கற்றைத் திருப்பித் திகதி பார்ப்பது கடைக்காரரைச் சந்தேகிப்பது போலாகிவிடும் என்பதால் நாங்கள் பார்ப்பதே இல்லை. கச்சான் காற்று வீசி ஊரே வெந்துகிடக்கும் மாதங்களில் பட்டர், யோகட், குளிரூட்டிய கோழி இறைச்சி போன்றவற்றை நம்பி வாங்க இங்கே இப்போது இடம் உண்டு. பெட்டிக் கடையின் குளிர்சாதனப் பெட்டி மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் நிறுத்தப்படுவதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

விலையைப் பொறுத்தவரை, பெரிய கடை என்றால் மலிவு என்ற எண்ணம் பாதிதான் சரி. பால்மா, சவர்க்காரம், பற்பசை, பிஸ்கட் போன்றவற்றின் உறையில் உச்சபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்கிறது. பெரும்பாலான நாட்களில் அங்காடியும் மூலைக் கடையும் அதே விலைக்கே விற்கின்றன. உண்மையான கழிவு வேறு இடத்தில் இருக்கிறது. வார இறுதியில் குறித்த வங்கியின் கடனட்டையால் பணம் செலுத்துவோருக்கு மரக்கறியிலும் பழத்திலும் மீனிலும் கணிசமான தொகை குறைக்கப்படுகிறது. அந்த நாட்களில் வாகனத் தரிப்பிடம் நிரம்பிவிடும். வந்திருப்பவை பெரும்பாலும் வேறு பகுதிகளின் கார்கள். கடையின் சுவரோடு வாழும் குடும்பத்திடம் கடனட்டை கிடையாது. அதனால் ஒரே கரட்டை மாதச் சம்பளக்காரர் குறைந்த விலைக்கும், நாட்கூலிக்காரர் முழு விலைக்கும் வாங்கிச் செல்கின்றனர். இதை நிறுவனத்தின் சூழ்ச்சி என்று நான் சொல்லவில்லை. வங்கியோடு கொழும்பில் செய்துகொண்ட ஒப்பந்தம் எல்லாக் கிளைகளுக்கும் பொருந்துகிறது, அவ்வளவுதான். ஆனால் இந்தக் கிளை நிற்கும் மண்ணில் அதன் விளைவு தலைகீழாக இருக்கிறது.

அளவும் ஒரு சிக்கல். அரிசி, பருப்பு, சீனி, கடலை ஆகியவை திறந்த பெட்டிகளில் கிடைக்கின்றன. விரும்பிய அளவு அள்ளி நிறுத்துக்கொள்ளலாம். விதிப்படி நூறு கிராம் பருப்பும் வாங்க முடியும். நடைமுறையில் அந்தச் சிறு பையை நிறுவைக்குக் கொண்டு சென்று, ஒட்டுச்சீட்டு ஒட்டுவித்து, நிறைந்த தள்ளுவண்டிகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். நூறு கிராம் பருப்போடும் இரண்டு முட்டையோடும் அந்த வரிசையில் நிற்க எங்கள் பெண்கள் கூசுகிறார்கள். குறைந்த பொருள் வாங்குவோருக்கென ஒரு தனிக் காசாளர் இருந்தால் இந்தக் கூச்சம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்கான மேசை ஒன்று இருக்கவும் செய்கிறது. அதில் விளம்பரப் பலகையைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கடையால் ஏற்பட்டிருக்கும் பெரிய மாற்றம் அதற்கு வெளியே, ஒழுங்கைகளில் நடக்கிறது. ஆகவே சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. திருகோணமலைக் கரையில் வாடைக் காற்றுத் தொடங்கிவிட்டால் சிறுவள்ளங்கள் பல நாட்கள் கடலுக்கு இறங்க முடியாது. கார்த்திகை முதல் தை வரை மீனவக் குடும்பங்களின் அடுப்பு எரிவது மூலைக் கடையின் கடன் கொப்பியால்தான். மாசி, பங்குனியில் கடல் அமைதியாகி மீன் படத் தொடங்கியதும் கொப்பிக் கணக்கு சிறிது சிறிதாக அடைபடும். வட்டி கிடையாது, பிணை கிடையாது. கடைக்காரருக்குக் குடும்பத்தைத் தெரியும் என்பது மட்டுமே ஆதாரம். ஆனால் கடைக்காரர் அந்தக் கடனை எங்கிருந்து கொடுக்கிறார்? அவரும் விநியோக வண்டிக்காரரிடம் ஒரு வாரம், இரண்டு வாரத் தவணைக்குச் சரக்கு எடுக்கிறார். தவணை நாளில் கொடுக்க வேண்டிய பணம், கைக்காசு கொடுத்து வாங்கும் ஆசிரியை, சாரதி, வெளிநாட்டிலிருந்து பணம் வரும் வீட்டுக்காரர் ஆகியோரிடமிருந்து வந்துகொண்டிருந்தது. அவர்களுடைய பால்மாவும் சவர்க்காரமும்தான் மற்றவர்களுடைய கடனைத் தாங்கி நின்றன.

அங்காடி வந்ததும் முதலில் இடம் மாறியவர்கள் இந்தக் கைக்காசு வாடிக்கையாளர்களே. அவர்களைக் குறைசொல்ல எதுவுமில்லை. குளிரான கடையில் தெரிவு செய்து வாங்க யாருக்குத்தான் விருப்பமில்லை? ஆனால் மூலைக் கடைகளில் இப்போது எஞ்சியிருப்பது கடன் வாடிக்கை மட்டும். விற்பனை பாதியாகிவிட்டது என்பதைக் காட்டிலும், நடக்கும் விற்பனையும் கொப்பியிலேயே நின்றுவிடுகிறது என்பதே பெரிய சேதம். எங்கள் ஒழுங்கையில் கணவனை இழந்த ஓர் அக்கா நடத்தும் கடை இன்னும் திறந்திருக்கிறது. ஆனால் கடந்த வாடையில் அவர் புதிதாக யாருக்கும் கொப்பி திறக்கவில்லை. "தம்பி, வண்டிக்காரன் கொப்பி பார்க்க மாட்டான், காசுதான் கேட்பான்" என்று அவர் சொன்னது கோபத்தில் அல்ல, கணக்கில். முன்பெல்லாம் இத்தகைய நெருக்கடியில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கடை கைகொடுத்தது. நிவாரண அரிசியும் மாவும் கொடுத்து ஒரு தலைமுறையைக் காப்பாற்றிய சங்கக்கடையின் தட்டுகள் இன்று பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கின்றன. அதற்கு இந்த அங்காடி காரணமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அங்காடியும் வாடிக்கையாளரின் கணக்கை வைத்திருக்கிறது. தொலைபேசி இலக்கத்தைச் சொன்னால் புள்ளிகள் சேர்கின்றன; நாம் என்ன வாங்குகிறோம், எப்போது வாங்குகிறோம் என்பது அதற்குத் துல்லியமாகத் தெரியும். வாங்காமல் விடும் மாதத்தில் ஏன் வாங்கவில்லை என்று மட்டும் அது கேட்பதில்லை.

மீன் பகுதியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் திருகோணமலைக்காரன் எழுதியதாகாது. கொட்பே மீன்பிடித் துறைமுகமும் நீண்ட கரைவலைப் பாடுகளும் உள்ள ஊரில், இந்தக் கடையின் பனிக்கட்டித் தட்டில் கிடக்கும் மீன் நிறுவனத்தின் பொது விநியோகத்தில் லொறியில் வந்து சேர்கிறது. சூடையோ, அன்றைய விளைமீனோ இல்லை. எந்தக் கிளையிலும் கிடைக்கும் வகைகள் மட்டுமே உண்டு. கண் மங்கிய பாரையைச் சந்தையை விடக் கூடிய விலைக்கு வாங்குமாறு யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மரக்கறியும் கிட்டத்தட்ட அவ்வாறே. சந்தைக்கும் தம்புள்ளையிலிருந்து மரக்கறி வருகிறது என்பது உண்மைதான். ஆனால் கீரை, வல்லாரை, முருங்கைக்காய் போன்றவற்றை அருகிலுள்ள தோட்டக்காரர் காலையில் பறித்துக் கொண்டுவரும்போது, பிளாஸ்ரிக்கில் சுற்றிய வாடிய கட்டுக்கு இங்கே என்ன தேவை? தயிருக்கும் இதே கேள்வி பொருந்தும். மூதூர், கிண்ணியா எருமைத் தயிர்ச் சட்டி நகரமெங்கும் விற்கப்படும் ஊரில், தூர மாவட்டத்து நிறுவனத் தயிர்தான் இங்கே தட்டை நிறைத்திருக்கிறது. உள்ளூரில் கொள்வனவு செய்ய முடியாதா என்று கிளையில் கேட்டேன். பணிவாகவும் பொறுமையாகவும் விளக்கினார்கள்: எதை யாரிடம் வாங்குவது என்பது தலைமையகத்தில் தீர்மானிக்கப்படுகிறது. என் பார்வையில் இந்தக் கடையின் மிகப் பெரிய குறை இதுவே. ஊரில் விற்கும் பணத்தில் ஒரு பங்கையாவது ஊரில் வாங்கினால், வெளியேறும் கைக்காசில் கொஞ்சம் அதே ஒழுங்கைகளுக்குத் திரும்பும். அப்போது கொப்பிகளும் மூச்சுவிடும்.

ஊழியர்களைப் பற்றி நல்லதே சொல்ல முடியும். உயர்தரம் முடித்துவிட்டு வீட்டிலிருந்த பெண் பிள்ளைகள் பலருக்கு ஊழியர் சேமலாப நிதியோடு கூடிய முதல் வேலை இங்கேதான் கிடைத்தது. மூலைக் கடையில் உதவிக்கு நிற்பவருக்கு அந்த நிதி கனவிலும் இல்லை. தமிழ், சிங்களம் இரண்டிலும் தடங்கலின்றிப் பேசுகிறார்கள்; முதியவர்களின் பையைத் தூக்கி வாசல் வரை வருகிறார்கள். காசாளர்கள் வேலை நேரம் முழுவதும் நின்றுகொண்டே இருப்பதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை வழங்க வேண்டும் என்று 2021இல் சட்டமே திருத்தப்பட்டது. ஒரு நாற்காலி போடுவதற்குத் தலைமையகத்தின் கொள்வனவுத் தீர்மானம் தேவைப்படாது என்று நம்புகிறேன்.

பணம் செலுத்தும் இடத்தில் கவனமாக இருங்கள். தட்டில் ஒட்டிய விலையும் கணினியில் விழும் விலையும் வேறுபட்ட சந்தர்ப்பங்கள் எனக்கு நேர்ந்துள்ளன. சுட்டிக்காட்டியதும் மறுபேச்சின்றித் திருத்தினார்கள். ஆனால் பற்றுச்சீட்டு முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒருவரால் சுட்டிக்காட்ட முடியாது. கையில் பேரப்பிள்ளை இருந்தால் வாசிக்கச் சொல்வது நல்லது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் விலையைக் காட்சிப்படுத்துவதையும் கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பதையும் வியாபாரியின் கடமையாக்கியிருக்கிறது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் உண்டு. இது மூலைக் கடைக்கும் பொருந்தும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கடன் கொப்பியில் என்ன விலை எழுதப்பட்டது என்று எல்லோரும் சரிபார்ப்பதில்லை.

எனவே, என் வீட்டில் இப்போது பின்பற்றும் முறையையே மற்றவர்களுக்கும் சொல்கிறேன். குளிரூட்டிய பொருட்கள், மருந்தகப் பகுதியில் உள்ள குழந்தைப் பொருட்கள், அயலில் கிடைக்காத சமையல் சாமான்கள் ஆகியவற்றுக்கு அங்காடிக்குப் போகிறேன். உறையில் விலை அச்சிட்ட பால்மாவையும் சவர்க்காரத்தையும் பிஸ்கட்டையும் அக்காவின் கடையில் கைக்காசுக்கு வாங்குகிறேன்; விலையில் எனக்கு நட்டமில்லை, அவருக்கு அது தவணைப் பணம். மீனுக்குக் கரை, கீரைக்குச் சந்தை. அங்காடிக்குப் போவதானால் வார நாட்களில் காலை பத்து மணிக்கு முன் போங்கள், வரிசை இருக்காது. 2025 நவம்பர் 1 முதல் பொலித்தீன் பைக்குத் தனியாகப் பணம் அறவிடப்படுவதால் வீட்டிலிருந்தே ஒரு பையைக் கொண்டு செல்லுங்கள். மாரிக்காலமென்றால் பிரதான வாசலையே பயன்படுத்துங்கள். தரிப்பிடத்துக்குக் கொங்கிரீட் போட்டபோது வடிகாலை மறந்துவிட்டதால், பின்பக்க ஒழுங்கையில் வெள்ளம் கணுக்காலுக்கு மேல் நிற்கிறது.