கோல்டியா, ஹன்னாவா, மரியாவா? சமையல் குறிப்போடு வரும் கொலைக் கதைகள்

இந்தப் பக்கத்தில் ஒரு பிணம் கிடக்கிறது. நாலு பக்கம் தள்ளினால், வெண்ணெயை உருக்கி ஆறவைக்கச் சொல்லும் சமையல் குறிப்பு. இரண்டும் ஒரே நாவலில் எப்படி ஒட்டும் என்று பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நன்றாகவே ஒட்டும். இன்னும் சொன்னால், இந்த வகை நாவல்களைப் படித்துப் பழகியபின் குறிப்பு இல்லாத மர்மக் கதையில் ஏதோ விட்டுப்போனது போல எனக்குத் தோன்றுகிறது.

ஆங்கிலத்தில் இவற்றை 'கோஸி' மர்மக் கதைகள் என்கிறார்கள். ரத்தம் நம் கண்முன்னால் தெறிக்காது. ஊர் சின்னது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். துப்பறிபவர் போலீஸ்காரர் இல்லை, வேறு தொழில் செய்து பிழைக்கும் சாதாரண மனிதர். அந்தத் தொழில் சமையலாக இருந்து, அவர் சமைப்பதை நாமும் சமைக்க முடிந்தால் அது இந்தக் கிளை. 1982இல் வர்ஜீனியா ரிச் எழுதிய 'தி குக்கிங் ஸ்கூல் மர்டர்ஸ்' இதன் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. அப்புறம் வந்தவை ஏராளம். அட்டையில் ஒரு கேக், ஓரத்தில் ஒரு பூனை, தலைப்பில் ஒரு சொல் விளையாட்டு என்று கடை அலமாரியில் எல்லாம் ஒரே குடும்பம் போலவே தெரியும். எதை எடுப்பது என்று குழம்புவது இயல்புதான்.

நான் பார்ப்பது இரண்டே விஷயம். இந்தச் சமையல்காரருக்கு ஊர் ரகசியம் எந்த வாசல் வழியாக வருகிறது? சமையல் குறிப்பு புத்தகத்தில் எங்கே நிற்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் நாவலின் குணம் பாதி தெரிந்துவிடும். அந்தக் கண்ணோடு மூன்று தொடர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் டயான் மாட் டேவிட்சனின் கோல்டி. முதல் நாவல் 'கேட்டரிங் டு நோபடி' 1990இல் வந்தது. அமெரிக்காவின் கொலராடோ மலைப்பக்கத்தில் ஆஸ்பென் மெடோ என்ற கற்பனை ஊர். கை நீட்டும் டாக்டர் கணவனிடமிருந்து விவாகரத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்த கோல்டி, மகன் ஆர்ச்சை வளர்ப்பதற்காகக் கேட்டரிங் தொழில் நடத்துகிறார். ஆர்ச்சின் முன்னாள் ஆசிரியை இறந்துபோக, துக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுகிறார் கோல்டி. அங்கே அவருடைய பழைய மாமனாருக்கு யாரோ விஷம் வைத்துவிடுகிறார்கள். மனிதர் பிழைத்துக்கொள்கிறார். ஆனால் போலீஸ் கோல்டியின் தொழிலை நிறுத்தி வைக்கிறது.

இங்கேதான் இந்தத் தொடர் என்னைப் பிடித்துக்கொண்டது. கோல்டி ஆர்வக் கோளாறில் துப்பறியவில்லை. குற்றவாளி யாரென்று தெரியாதவரை அவரால் அடுப்பு பற்றவைக்க முடியாது, மகனுக்குச் சோறு போட முடியாது. தன் கையால் சமைத்ததைச் சாப்பிட்டுத்தான் ஒருவர் விழுந்தார் என்று ஊர் பேசும்போது, ஒரு சமையல்காரருக்கு அதைவிடப் பெரிய பழி என்ன இருக்கிறது? உண்மையைக் கண்டுபிடிப்பதும் பிழைப்பைக் காப்பாற்றுவதும் அவருக்கு ஒரே வேலையாகிவிடுகிறது.

கேட்டரிங்காரருக்கு ரகசியம் வரும் வாசல் பின்வாசல். அவர் பணக்கார வீடுகளுக்குள் போகிறார், சமையலறையில் நிற்கிறார், தட்டு ஏந்தி வலம் வருகிறார். பரிமாறுகிறவர் வந்தார் என்பதற்காக யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. சோபாவில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளிக்குத் தெரியாத சண்டை, பாத்திரம் கழுவும் இடத்தில் நிற்பவருக்குக் கேட்கும். டேவிட்சன் இதை நன்றாகப் பயன்படுத்துகிறார். ஒவ்வொரு நாவலிலும் வேறு விருந்து, வேறு வீடு, வேறு வர்க்கம். அதனால் 17 நாவல்கள் வந்தும் களம் சலிக்கவில்லை.

குறிப்புகள் ஆரம்ப நாவல்களில் கதைக்கு நடுவிலேயே வரும். பிற்பாடு வந்தவற்றில் கடைசிப் பக்கங்களுக்குப் போய்விட்டன. எனக்குப் பழைய முறைதான் பிடிக்கும். கோல்டி பதற்றத்தில் இருக்கும்போது எதையாவது பிசைகிறார், கிளறுகிறார். கை வேலை செய்யச் செய்ய மூளை தெளிகிறது. அந்த இடத்திலேயே குறிப்பும் இருந்தால் அவர் யோசிக்கும் நேரத்தை நாமும் அவரோடு கழிக்கிறோம்.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். இந்தத் தொடர் முழுக்க லேசானது இல்லை. அடித்த கணவனின் நிழல் பல நாவல்களுக்கு நீள்கிறது. சிரிப்பு உண்டு, கொலை விசாரிக்கும் டாம் ஷூல்ஸ் மேல் வளரும் அன்பு உண்டு. ஆனால் அந்தப் பயமும் கூடவே இருக்கிறது. இதமான கதை வேண்டும் என்று எடுப்பவருக்கு இது முன்பே தெரிந்திருப்பது நல்லது.

அடுத்தது ஜோன் ஃப்ளூக்கின் ஹன்னா ஸ்வென்சன். இவரோ ஓரிடத்தை விட்டு நகரத் தேவையில்லை. மினசோட்டாவில் லேக் ஈடன் என்ற கற்பனை ஊரில் 'குக்கி ஜார்' என்ற பேக்கரி அவருடையது. ஊரே காலையில் அங்கே வந்து காபி குடித்து, குக்கி கடித்து, வம்பு பேசிவிட்டுப் போகிறது. ரகசியம் முன்வாசல் வழியாகத் தானே நடந்து வருகிறது. முதல் நாவலான 'சாக்லேட் சிப் குக்கி மர்டர்' கதையில், பால் பண்ணையின் டெலிவரிக்காரர் பேக்கரிக்குப் பின்னால் தன் வண்டியிலேயே இறந்து கிடக்கிறார். சுற்றிலும் ஹன்னாவின் குக்கிகள் சிதறிக் கிடக்கின்றன. தங்கை ஆண்ட்ரியாவின் கணவர் பில் போலீஸில் இருக்கிறார். ஊர்க்காரர்கள் ஹன்னாவிடம் மனம்விட்டுப் பேசுவார்கள் என்பதால் அவரிடமே உதவி கேட்கிறார்.

ஃப்ளூக் குறிப்பை அத்தியாயங்களுக்கு நடுவே தனிப் பக்கமாக வைக்கிறார். யாரோ ஒருவர் ஒரு குக்கியைக் கடித்து ஆகா என்கிறார், அத்தியாயம் முடிகிறது, பக்கத்தைத் திருப்பினால் அதே குக்கி எப்படிச் செய்வது என்று இருக்கிறது. அதோடு விடாமல், இதை ஊரில் யாருக்கு ரொம்பப் பிடிக்கும், எதற்குப் பதில் எதைப் போடலாம் என்று ஹன்னாவின் குரலிலேயே சின்னச் சின்னக் குறிப்புகள். எனக்கு ஹன்னா முழு மனுஷியாகத் தெரிவது அந்தப் பக்கங்களில்தான். கதைக்குள் அவர் பேசுவதைவிட அங்கே இன்னும் நெருக்கமாகப் பேசுகிறார்.

மர்மக் கதையில் எல்லோரும் பொய் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர், வங்கிக்காரர், விதவை, ஒருவரையும் நம்ப முடியாது. அந்த நடுவில் சமையல் குறிப்பு ஒன்றுதான் பொய் சொல்ல முடியாத பகுதி. 10 நிமிடம் என்று எழுதி, குக்கி கருகிவிட்டால் வாசகருக்கு உடனே தெரிந்துவிடும். குறிப்பு பலித்துவிட்டால் அதை எழுதிய கையை நம்பத் தொடங்குகிறோம். அந்த நம்பிக்கை சத்தமில்லாமல் கதைக்குள்ளும் போய்விடுகிறது. இவர் சொன்ன அளவு சரியாக இருந்தது, இவர் சந்தேகப்படும் ஆளும் சரியாகத்தான் இருப்பார் என்று மனம் சொல்கிறது. இந்த வகை நாவல்களின் ஈர்ப்புக்கு நான் கண்ட முதல் காரணம் இதுதான்.

ஹன்னாவின் குக்கி பலிக்கிறது. அந்த முதல் நாவலின் சாக்லேட் சிப் குக்கியில் நொறுக்கிய கார்ன் ஃபிளேக்ஸ் சேர்கிறது. குறிப்பில் இருக்கும் அளவு நொறுக்கியபிறகு அளப்பது. நான் முதல் தடவை அவசரத்தில் முன்னாலேயே அளந்துவிட்டேன். குக்கி அகலமாகப் பரவி மென்மையாகிவிட்டது. இரண்டாம் தடவை சொன்னபடி செய்ததும் மொறுமொறுவென்று வந்தது. கதையிலும் இப்படித்தான். சாதாரணமாகக் கடந்துபோகும் ஒரு சின்ன வரியில்தான் விடை இருக்கும்.

இந்தக் குறிப்புகளைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் அமெரிக்க அளவுகளை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களுடைய 1 கப் சுமார் 240 மில்லி. வெண்ணெயை 'ஸ்டிக்' கணக்கில் சொல்வார்கள், 1 ஸ்டிக் சுமார் 113 கிராம், இரண்டு சேர்ந்தால் 1 கப். ஓவன் சூடு ஃபாரன்ஹீட்டில் இருக்கும். 350 என்றால் சுமார் 177 செல்சியஸ், 375 என்றால் 190. சர்க்கரை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பட்டது. ஆனால் குக்கியில் சர்க்கரையைக் கண்டபடி குறைத்தால் மொறுமொறுப்பும் சேர்ந்து குறைந்துவிடும், பார்த்துச் செய்யுங்கள்.

சரி, கோல்டியா ஹன்னாவா? அடுப்படியில் ஹன்னா ஜெயிக்கிறார். பொருள்கள் எளியவை, படிகள் குறைவு, புதிதாகச் செய்பவருக்கும் கைகூடும். கோல்டியின் பதார்த்தங்கள் விருந்துக்கானவை, நேரமும் வெண்ணெயும் தாராளமாகக் கேட்பவை. கதையில் மட்டும் எனக்குக் கோல்டிதான். ஹன்னாவின் தொடர் 20 நாவல்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது, ஆனால் பல்மருத்துவர் நார்மனா, துப்பறிவாளர் மைக்கா என்ற கேள்வி புத்தகம் புத்தகமாக இழுபடுகிறது. நாலைந்துக்குப் பிறகு அந்த ஊசலாட்டம் எனக்குச் சோர்வு தந்தது. கோல்டியின் வாழ்க்கை அப்படி நிற்கவில்லை. முடிவெடுக்கிறார், கல்யாணம் செய்துகொள்கிறார், புதுக் கஷ்டம் வருகிறது. அதேசமயம், உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த ஒரு வாரம் என் பக்கத்தில் இருந்தது ஹன்னாதான். அந்த ஊரில் ஒன்றும் மாறாது என்பதே அப்போது எனக்கு ஆறுதலாக இருந்தது.

இதே இனத்தில் கிளியோ கோயல் எழுதும் காபிக்கடைத் தொடரும் உண்டு. கிளியோ கோயல் என்பது ஒரு கணவன் மனைவி சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர். 2003இல் தொடங்கிய இந்தத் தொடர் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் நடக்கிறது. காபிக் கொட்டை வறுப்பதும் வடிப்பதும் பற்றிய விவரங்கள் அருமை. பெரிய நகரம் என்பதால் சின்ன ஊரின் நெருக்கம் கொஞ்சம் குறைகிறது. புதிய குரல் வேண்டுமென்றால் மியா மனன்சாலாவின் 'ஆர்செனிக் அண்ட் அடோபோ' (2021) இருக்கிறது. அமெரிக்காவில் வாழும் ஃபிலிப்பைன் குடும்பம், அத்தையின் உணவகம், அங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செத்து விழும் உணவு விமர்சகர். அவர் கதாநாயகியின் பழைய காதலரும்கூட. அத்தைகள் பட்டாளம் ஒன்று கதையைத் தூக்கி நிறுத்துகிறது. குறிப்புகள் கடைசியில் இருக்கின்றன.

இன்னொரு பழைய பெயரையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ரெக்ஸ் ஸ்டவுட்டின் நீரோ வுல்ஃப் 1934இலேயே வந்துவிட்டார், துப்பறிவாளர்களில் அவரைப் போல நாக்கு ருசி உள்ளவர் குறைவு. அவர் கதைகளில் வரும் உணவுகளுக்கான சமையல் புத்தகம் 1973இல்தான் வந்தது. ஆனால் வுல்ஃப் சாப்பிடுபவர், அவர் வீட்டில் சமையல் ஃபிரிட்ஸ் பிரென்னரின் பொறுப்பு. சாப்பிடுபவர் துப்பறிவதும் சமைப்பவர் துப்பறிவதும் வேறு வேறு. உப்பு கூடிவிட்டதென்று முன்னவர் சொல்வார், யார் எப்போது அடுப்புப் பக்கம் வந்திருப்பார்கள் என்று பின்னவருக்குத்தான் தெரியும்.

மூன்றாவதாக, நான் மிகவும் நேசிக்கும் மரியா. சாலி ஆண்ட்ரூ எழுதிய 'ரெசிபீஸ் ஃபார் லவ் அண்ட் மர்டர்' 2015இல் வந்தது. தென்னாப்பிரிக்காவின் கிளெய்ன் காரூ வறண்ட நிலப்பகுதி, லேடிஸ்மித் என்ற நிஜ ஊர். 'டன்னி' என்றால் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் அத்தை, சித்தி மாதிரி மரியாதையாக அழைக்கும் சொல். டன்னி மரியா உள்ளூர்ப் பத்திரிகையில் சமையல் பகுதி எழுதுகிறார். அதை நிறுத்திவிட்டு வாசகர்களின் காதல் சிக்கல்களுக்கு ஆலோசனை சொல்லும் பகுதி வேண்டும் என்று மேலிடம் சொல்கிறது. மரியா இரண்டையும் சேர்த்துவிடுகிறார். கடிதம் எழுதியவருக்கு ஒரு ஆறுதல், கூடவே அவருக்கேற்ற ஒரு சமையல் குறிப்பு.

இங்கே ரகசியம் வரும் வாசல் தபால். முகம் தெரியாதவர்கள் நெருங்கிய உறவிடம்கூடச் சொல்லாததை இவருக்கு எழுதுகிறார்கள். கணவன் கொடுமையில் வாழும் ஒரு பெண்ணின் கடிதம் வருகிறது. மரியாவும் அப்படி ஒரு கல்யாணத்திலிருந்து மிஞ்சியவர், அதனால் அந்தக் கடிதம் அவரை ஆட்டிவிடுகிறது. பிறகு அந்தப் பெண் கொல்லப்படுகிறாள்.

குறிப்புகள் எல்லாம் புத்தகத்தின் கடைசியில்தான். ஆனால் கதைக்குள்ளேயே ஒவ்வொரு உணவும் ஒருவருக்கான பதிலாக வந்துவிடுவதால், கடைசியில் போய்ப் பார்க்கும்போது அவை யார் யாருக்கு எழுதப்பட்டவை என்று நினைவிருக்கிறது. கோல்டிக்குச் சமையல் பிழைப்பு, ஹன்னாவுக்கு அது ஊரோடு உள்ள உறவு, மரியாவுக்கோ அதுதான் பேசும் மொழி. வார்த்தையில் சொல்ல வராததைக் கேக்கில் சொல்கிறார். தன் துக்கத்தையும் தனிமையையும் சாப்பாட்டால் மூடிக்கொள்கிறார் என்பதையும் ஆண்ட்ரூ மறைக்கவில்லை. சமையல் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று இந்த நாவல் எங்கும் சொல்லவில்லை, அதனாலேயே இதை இன்னும் அதிகமாக நம்புகிறேன். வேகம் கொஞ்சம் குறைவுதான், நடுப்பகுதியில் விசாரணை சுற்றிச் சுற்றி வருகிறது. அந்த நிதானத்தில் காரூவின் வெயிலும் செடிகளும் மனதில் தங்கிவிடுகின்றன.

ஒரே ஒரு புத்தகம்தான் படிப்பேன் என்பவருக்கு மரியாவைத் தருவேன். மாவு பிசைய ஆசைப்படுபவருக்கு ஹன்னா. வருடக்கணக்கில் ஒரு குடும்பத்தோடு கூட இருக்க விரும்புபவருக்குக் கோல்டி. ஹன்னாவை எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கினாலும் பெரிய நஷ்டமில்லை. கோல்டியை மட்டும் தயவுசெய்து முதலிலிருந்து வரிசையாகப் படியுங்கள். முதல் நாவலில் சிறுவனாக இருக்கும் ஆர்ச், புத்தகத்துக்குப் புத்தகம் வளர்ந்துகொண்டே வருகிறான். நடுவில் குதித்தால் அதைப் பார்க்காமலே போய்விடுவீர்கள்.