மூன் காக்டஸ்: உருண்டையை விடுங்கள், தண்டைப் பாருங்கள்

நர்சரிகளில் சிவப்பு, மஞ்சள் உருண்டையோடு விற்கும் மூன் காக்டஸ் ஒரு செடியல்ல, இரண்டு. மேலே ஒட்டியிருப்பது பராகுவே நாட்டுக் கள்ளியான ஜிம்னோகேலிசியத்தின் பச்சையமில்லாத திரிபு. 1941-ல் ஜப்பானில் வதனாபே என்பவர் தன் நாற்றுகளுக்கிடையே கண்டெடுத்தது. பச்சையம் இல்லாததால் தனக்கு வேண்டிய உணவைத் தானே தயாரிக்காது. கீழே உள்ள முப்பட்டைத் தண்டுதான் சோறு போடுகிறது. அது டிராகன் பழச் செடி.

அழகில் குறையில்லை, ஆயுளில்தான் குறை. பெரும்பாலும் சில வருடங்களில் ஒட்டு விட்டுப்போகும். அதற்குள் சாகடிப்பது நம் கவனிப்பு. கள்ளிதானே என்று மாதக்கணக்கில் காயப்போட்டால், வெப்பமண்டலக் காடுகளில் மரமேறி வளரும் இனமான அந்தத் தண்டு சுருங்கிவிடும். பலர் செய்வது நேரெதிர்: தென்னை நார்த்தூளோடு வந்த தொட்டியை அப்படியே வைத்து தினமும் ஊற்றுவார்கள், அடித்தண்டு மஞ்சளாகிக் குழையும். வாங்கியதும் நார்த்தூளை உதிர்த்து, இரண்டு பங்கு பொடிச் செங்கல் அல்லது பருமணல், ஒரு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு மட்கிய எருவில் மாற்றி நடுங்கள். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர். காலை வெயில் போதும். உச்சி வெயிலில் உருண்டை வெளிறி வெந்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் தண்டு முதலில் விழும்.

வாங்கும்போது தண்டை அழுத்திப் பாருங்கள், கல்லாக இருக்க வேண்டும். ஒட்டு வாயில் இடைவெளியோ வெள்ளைப் பஞ்சோ இருந்தால் வேண்டாம். பஞ்சு என்றால் மாவுப்பூச்சி. காகிதம் போன்ற பூ தலையில் இருந்தால் அது பசை போட்டு ஒட்டியதாக இருக்கலாம்.

தண்டு போய் உருண்டை நன்றாக இருந்தால் மறுஒட்டு போடலாம். தொட்டியில் நட்ட 10 செ.மீ. டிராகன் தண்டின் உச்சியைச் சானிடைசர் துடைத்த கத்தியால் சமமாக வெட்டி, மூன்று விளிம்புகளையும் சாய்வாகச் சீவுங்கள். சீவாவிட்டால் நடுப்பகுதி காய்ந்து குழிந்து, விளிம்பு உருண்டையைத் தூக்கிவிடும். உருண்டையின் அடியையும் வெட்டி, வெட்டுகளின் நடுவில் தெரியும் இரண்டு வளையங்களும் ஓரிடத்திலாவது தொடும்படி வையுங்கள். அளவு வேறானால் ஓரமாகத் தள்ளி வைக்கலாம். தொட்டியோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு நிழலில் 10 நாள். வெட்டுவாயில் தண்ணீர் படக்கூடாது. தண்டில் பக்கக்கிளை முளைத்தால் கிள்ளிவிடுங்கள்.

ஒரே விலையில் இரண்டு வகையும் கிடைத்தால் சிவப்பில் பச்சைத் திட்டு கலந்ததை எடுங்கள். கொஞ்சமாவது பச்சையம் இருப்பதால் அது தாக்குப்பிடிக்கும்.