எரிப்பதா, நறுக்குவதா, கூழாக்குவதா?

கல்வியாண்டு முடியும்போது பள்ளியில் ஓர் அறை நிறையக் காகிதம் சேர்ந்துவிடுகிறது. விடைத்தாள்கள், பழைய பதிவேடுகள், அட்டைகள், கிழிந்த நோட்டுகள். இவற்றை வளாகத்திலேயே எரிக்க அனுமதி கேட்கும் பள்ளிகள் வழக்கமாக இரண்டு காரணங்களைச் சொல்கின்றன: இடமில்லை; மாணவர்களின் விவரங்கள் வெளியே போகக் கூடாது. இரண்டாவது காரணம் மிகவும் நியாயமானது. ஆனால் அதற்குத் தீ நல்ல வழி இல்லை.

கட்டுக்கட்டாகக் குழியில் போட்டுக் கொளுத்தினால் தாள்களுக்கு இடையே காற்று புகாது. ஓரம் கருகும், நடுவில் பெயரும் மதிப்பெண்ணும் அப்படியே இருக்கும். பாதி எரிந்த தாள்கள் சூட்டில் மேலெழுந்து மதிலைத் தாண்டி விழும். முழுவதும் சாம்பலாக வேண்டுமென்றால் கட்டுகளைப் பிரித்துப் போட்டு, ஒருவர் மணிக்கணக்கில் கிளறிக்கொண்டே நிற்க வேண்டும். அந்தப் புகையைச் சுவாசிப்பவர் பெரும்பாலும் கடைநிலை ஊழியர். அவரிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை.

திறந்தவெளித் தீயில் காகிதம் சீராக எரியாமல் புகைந்துகொண்டிருக்கும். அதனால் கார்பன் மோனாக்சைடும், நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்துகள்களும் கிளம்புகின்றன. உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிகக் காற்றை உள்ளிழுப்பவர்கள். காகிதத்தோடு பிவிசி பிளாஸ்டிக் உறை போட்ட கோப்பு ஒன்று சேர்ந்துவிட்டாலும் டயாக்சின் என்ற கொடிய நச்சு உருவாகலாம். நீடித்து நிற்கும் நச்சுகள் பற்றிய 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, கழிவைத் திறந்தவெளியில் எரிப்பதையும் இத்தகைய நச்சுகளின் மூலங்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது.

நறுக்கும் இயந்திரம் புகையில்லாத வழி. ஆனால் நீள நாடாவாக வெட்டும் மலிவான இயந்திரத்தை நம்ப முடியாது. பொறுமையுள்ளவர் நாடாக்களை மீண்டும் ஒட்டிவிடலாம். குறுக்கும் நெடுக்குமாக வெட்டுவதே தேவை. ஆவணங்களை அழிப்பதற்கான ஜெர்மனியின் டிஐஎன் 66399 தரத்தில் பி-4 நிலை என்றால் ஒரு துண்டின் பரப்பு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பள்ளிக்கு இந்த அளவு போதும். குறை என்னவென்றால், சிறிய இயந்திரம் சீக்கிரம் சூடாகி நின்றுவிடும். நறுக்கும்போது காகிதத்தின் இழைகளும் குட்டையாகிவிடுவதால் மறுசுழற்சியில் அதன் மதிப்பு குறையும்.

என் தேர்வு கூழாக்குவதுதான். நீரில் கலக்கி அடிக்கும்போது தாள் இழை இழையாகப் பிரிந்துவிடும். எழுத்தைத் திரும்பப் படிக்க வழியே இல்லை. அதே இழை சுமார் ஐந்திலிருந்து ஏழு முறை வரை மீண்டும் காகிதமாக முடியும். கூழாக்கும் காகித ஆலைக்குப் போகும் வழியில் தாள்கள் கைமாறிவிடுமோ என்ற பயம் சரியானதே. மூட்டைகளை முத்திரையிட்டு, பள்ளி ஊழியர் ஒருவரை உடன் அனுப்பி, அழித்ததற்குச் சான்றிதழ் வாங்கினால் அந்தப் பயம் தீரும். மட்கச் செய்வதும் ஒரு வழிதான். ஆனால் காகிதத்தில் கார்பன் மிக அதிகம் என்பதால் பச்சைக் கழிவு நிறையச் சேர்க்க வேண்டும். சிறிய அளவுக்கே அது சரிவரும்.

எந்த வழியானாலும் முதலில் அறையைத் திறந்து பிரிக்க வேண்டும். அட்டை, செய்தித்தாள், வெற்றுத்தாள் ஆகியவற்றில் ரகசியம் எதுவும் இல்லை. அவை நேராக மறுசுழற்சிக்குப் போகலாம். வைத்திருக்க வேண்டிய காலம் முடியாத பதிவேடு ஏதாவது குவியலுக்குள் கிடக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். எரிந்த பதிவேட்டை யாராலும் மீட்க முடியாது. எஞ்சிய ரகசியத் தாள்கள் கொஞ்சமாக இருந்து, பக்கத்தில் ஆலையும் இல்லையென்றால், ஒரு பீப்பாய் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்துக் கோலால் நன்றாகக் குழைத்துவிடலாம்.