ஜன்னல் வழியே இறங்கும் கயிற்றுத் தொகுப்பு: பாகங்கள் தரம், பயன்பாடு ஆபத்து

வீட்டிலேயே பொழுதுபோக்காக ராப்பெல்லிங் (உயரத்திலிருந்து கயிற்றின் வழியே இறங்குவது) செய்யலாம் என்ற விளம்பரத்துடன் விற்கப்படும் தொகுப்பு ஒன்றை வாங்கிப் பார்த்தேன். 10 மி.மீ. கயிறு, இடுப்பையும் தொடைகளையும் சுற்றி மாட்டும் ஹார்னஸ், இரண்டு கேரபினர்கள் (வாய் திறந்து மூடும் உலோகக் கொக்கிகள்), எட்டு வடிவ இறங்கு கருவி, கையுறைகள், சிறு கையேடு ஆகியவை பெட்டிக்குள் இருந்தன. மேலட்டையில் ஓர் இளைஞர் மாடி ஜன்னலிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்குகிறார். அவர் தலையில் ஹெல்மெட் இல்லை.

பாகங்களைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல அதிகமில்லை. கயிறு அதிகம் நீளாத ஸ்டாட்டிக் வகை, இறங்குவதற்கு உகந்ததே. கேரபினரின் தண்டில் நீளவாக்கில் 24 கிலோநியூட்டன் என்றும், குறுக்குவாக்கில் 7 என்றும், வாய் திறந்திருந்தால் 7 என்றும் அம்புக்குறிகளுடன் பொறித்திருக்கிறார்கள். 24 கிலோநியூட்டன் என்பது ஏறத்தாழ 2,400 கிலோ எடைக்குச் சமம் என்பதால், முறையாகப் பூட்டப்பட்ட நிலையில் அது ஓர் ஆளின் எடைக்கு முறியப் போவதில்லை.

ஆனால் இவ்வளவு வலிமையான கயிற்றின் மறுமுனையை எதில் கட்டுவது என்ற கேள்விக்கு, “உறுதியான பொருளில் கட்டவும்” என்ற ஒற்றை வரியோடு கையேடு முடித்துக்கொள்கிறது. இந்தத் தொகுப்பின் மிகப் பெரிய குறை இதுதான். ஜன்னல் சட்டம் காற்றையும் மழையையும் தடுப்பதற்காகச் சில திருகாணிகளால் சுவரில் பொருத்தப்படுவது. வெளிப்புறமாக இழுக்கும் ஆள் எடையைத் தாங்குவதற்காக அல்ல. கட்டில் தரையில் வழுக்கிக்கொண்டு ஜன்னலை நோக்கி வரும், அலமாரி கவிழும், கதவின் கைப்பிடி பிடுங்கிக்கொண்டு வரும். பயிற்சி பெற்றவர்கள் ஒன்றையொன்று சாராத இரண்டு பிடிமானங்களையாவது அமைத்து, அவற்றிலிருந்து வரும் கயிற்றுக் கிளைகளுக்கு இடையிலான கோணத்தைக் குறுகலாக வைப்பார்கள். அந்தக் கோணம் 120 பாகையை எட்டினால், பாதிப் பாதியாகப் பிரிய வேண்டிய சுமை ஒவ்வொரு கிளையிலும் முழுதாகவே விழும். இது தெரியாமல் அறையின் இரு மூலைகளில் உள்ள பொருள்களில் கயிற்றை அகலமாகக் கட்டுபவர், பாதுகாப்பைக் கூட்டியதாக நினைத்துக்கொண்டு அதைக் குறைத்துவிடுகிறார்.

அடுத்த ஆபத்து ஜன்னலின் விளிம்பு. பிடிமானம் இடுப்புக்கும் கீழே இருக்கும் நிலையில் விளிம்பைத் தாண்டி வெளியே சாய்வதுதான் இறக்கத்தின் மிகக் கடினமான கட்டம். அனுபவமுள்ளவர்களே அங்கே நிதானிப்பார்கள். கால் வழுக்கி உடல் சட்டென்று கீழே சரிந்தால், நீளாத கயிறு அந்த அதிர்ச்சியை உள்வாங்காமல் அப்படியே பிடிமானத்துக்கும் இடுப்புக்கும் கடத்திவிடும். இழுவிசையில் விறைத்து நிற்கும் கயிறு, ஜன்னலின் அலுமினியச் சட்டத்தின் கூர்மையிலோ செங்கல் முனையிலோ பக்கவாட்டில் உரசினால் எதிர்பாராத வேகத்தில் அறுபடும். விளிம்பில் போடும் உறை ஒன்றுகூடப் பெட்டியில் இல்லை. கையுறைக்குச் செலவிட்டதை அதற்குச் செலவிட்டிருக்கலாம்.

கயிற்றை வளைத்துக் கோத்து, உராய்வால் இறங்கும் வேகத்தைக் குறைக்கும் எட்டு வடிவக் கருவி எளிமையானது, ஆனால் கையை விட்டால் தானாக நிற்காது. அதற்காகவே இறங்கும் கயிற்றில் சிறு துணைக்கயிற்றைச் சுற்றி முடிச்சிட்டு ஹார்னஸுடன் இணைப்பது வழக்கம். அந்தத் துணைக்கயிறும் தரப்படவில்லை. வேகமாக இறங்கினால் உராய்வில் உலோகம் சூடேறும், சூடேறிய கருவியோடு ஒரே இடத்தில் நின்றால் கயிற்றின் மேலுறை பாழாகும். விரிந்த கூந்தலோ தொளதொளத்த சட்டையோ கருவிக்குள் சிக்கிக்கொண்டால் மேலேயும் ஏற முடியாது, கீழேயும் இறங்க முடியாது. அப்படி அசைவின்றி ஹார்னஸில் தொங்குபவருக்குக் கால்களில் ரத்தம் தேங்கி மயக்கம் வரக்கூடும். அவரை மீட்கத் தெரிந்தவர் வீட்டில் யார் இருப்பார்?

மாடி தாழ்வானதுதானே என்ற சமாதானமும் எடுபடாது. 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் மணிக்குச் சுமார் 28 கி.மீ. வேகத்தில் தரையை அடைகிறார். 6 மீட்டரென்றால் 39 கி.மீ. தலை கல்தரையில் மோத அந்த வேகம் தாராளம்.

பயிற்சிச் சுவரில், பயிற்றுநரின் கண்காணிப்பில் பயன்படுத்த நினைப்பவர்கள் இந்தத் தொகுப்பை ஹெல்மெட்டும் துணைக்கயிறும் சேர்த்து வாங்கலாம். அந்த அளவில் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். ஜன்னலிலிருந்து விளையாட்டாக இறங்குவதற்கென்று வாங்குபவர்களுக்கு என் மதிப்பெண் பூஜ்யம். விற்பனையாளர் மேலட்டைப் படத்தை நீக்கிவிட்டு, பிடிமானம் பற்றிய அந்த ஒற்றை வரியை ஒரு முழுப் பக்கமாக விரித்து எழுதினால் மறுபடியும் பரிசீலிக்கத் தயார்.