கடலில் கமராவுக்கு ரெட் டொட்: சில பருவங்கள் பாவித்த பிறகு

கைத்துப்பாக்கியில் குறிபார்க்கப் பூட்டும் ரெட் டொட், அதாவது சிவப்புப் புள்ளி காட்டும் சின்னக் கண்ணாடி, கமராவின் தலையிலும் ஏறும் என்பது திருகோணமலையில் பலருக்கு இன்னும் புதினம்தான். நான் பாவிப்பது ஒலிம்பஸ் ஈஈ-1. ஃபிளாஷ் மாட்டும் ஹொட் ஷூவில் செருகினால் போதும், வேறு கொம்பனிக் கமராவிலும் நிற்கும்.

600 மி.மீ.க்கு ஈடான லென்ஸில் வியூஃபைண்டர் காட்டுவது 4 பாகை அளவு வானம். நிலாவெளிக்கு வெளியே படகு ஆட ஆட அந்த ஓட்டைக்குள் ஆலா என்ற கடற்பறவை ஒன்றைப் பிடிப்பதற்குள் அது புறாமலைத் தீவைத் தாண்டியிருக்கும். ரெட் டொட் கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் வானம் முழுக்கத் தெரியும், லென்ஸ் பார்க்கும் இடத்தில் புள்ளி நிற்கும்.

"லேசரோ அண்ணை? டொல்பின்ர கண்ணுக்குக் கூடாதெல்லோ?" என்று படகோட்டும் தம்பி கேட்டார். லேசர் இல்லை. உள்ளே இருக்கும் சின்ன எல்ஈடியின் ஒளி கண்ணாடியில் பட்டு எங்கள் கண்ணுக்கே திரும்பி வருகிறது, வெளியே எதன் மேலும் விழாது. டப்ளின்காரர் ஹோவர்ட் க்ரப் 1900இல் காப்புரிமை எடுத்த யோசனை இது. புள்ளி வெகுதூரத்தில் மிதப்பதுபோல் தெரிவதால் தலை கொஞ்சம் அசைந்தாலும் குறியை விட்டு விலகாது. படகில் அதுவே பெரிய காரியம்.

பழக நாள் எடுக்கும். கையில் கொடுத்தால் எல்லாரும் முதலில் புள்ளியைத்தான் தேடுகிறார்கள், பறவை போய்விடுகிறது. இரண்டு கண்ணையும் திறந்து பறவையையே பாருங்கள். பார்வையை எடுக்காமல் கமராவை முகத்துக்கு முன்னே தூக்கினால் புள்ளி தானாக வந்து அதன் மேல் உட்காரும். பழகுவதற்குக் கோணேசர் மலையைவிட நல்ல இடம் இல்லை. அங்கே பருந்துகள் காற்றில் ஏறி உங்கள் கண் மட்டத்திலேயே வட்டமிடும்.

புள்ளியைச் சரிசெய்வதைக் கரையிலேயே முடியுங்கள். கமராவை ட்ரைபொட்டில் இறுக்கி, தூரத்துக் கோபுர உச்சியை வியூஃபைண்டரின் நடுவில் நிறுத்தி, புள்ளியையும் அதே உச்சிக்குத் திருகிக் கொண்டுவர வேண்டும். கழற்றிப் பூட்டினால் திரும்பவும் பார்க்க வேண்டும். புள்ளி லென்ஸுக்கு மேலே இருப்பதால் கிட்டத்துக்குப் பொய் சொல்லும்: 5 மீற்றரில் இருக்கும் மீன்கொத்தி படத்தின் மேல் விளிம்பில் தொங்கும்.

நேரே வெயில் அடித்தால் வெளிச்சத்தைக் கூட்டினாலும் புள்ளி மங்கல்தான். உப்புத் தூவானம் கண்ணாடியில் படிந்தால் புள்ளி பூவாய் விரியும்; மெல்லிய துணி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். பற்றரி சிஆர் 2032, மணிக்கூட்டுக் கடையில் எடுக்கலாம். கடற்படைப் பக்கம் மட்டும் இதை மாட்டிக்கொண்டு திரியாதீர்கள். விளங்கப்படுத்தியே பொழுது போய்விடும்.

திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்கள் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். 20 மீற்றருக்கு மேல் நீளமான நீலத் திமிங்கிலம் ஊதும்போது அதைத் தேடிப் பிடிக்கப் புள்ளி எதற்கு? எங்கே எழும்பும் என்று தெரியாத டொல்பினுக்கும் ஆலாவுக்கும்தான் கொடுத்த காசு பெறுமதி. 200 மி.மீ.க்குக் குறைந்த லென்ஸ் வைத்திருப்பவர்கள் வாங்கவே வேண்டாம், வியூஃபைண்டரே போதும்.